மணற்காட்டிற் பாசறை

1907ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே பேடன் பவல் என்பார் ஏறக்குறைய இருபது சிறுவரை இங்கிலாந்தின் பிரவுன்சீத் தீவுக்கு அழைத்துச்சென்று, கடலோரத்திற் கூடாரமடித்துத் தங்கிய செய்தியைச் சாரண மாணாக்கர் அறிவர். நமது கரையில் அவ்வாறு செய்ய எண்ணுவோருக்கு ஒரு சொல்லே பெருந்தடையாய் நிற்கின்றது. "பாசறை" என்று நாம் அழகாக எழுதினாலும், வீடுகளில் அது "முகாம்" என்றே காதில் விழுகின்றது.

அனுமதிக் கடிதத்திற் கையொப்பமிட வந்த தாயொருவர், "நாங்கள் தறப்பாளுக்குக் கீழை கிடந்தது காணாதோ, சேர்? காசு குடுத்து இவனும் ஏன் கிடக்கவேணும்?" என்று கேட்டார். 2009இல் வன்னியிலிருந்து வந்து, செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமில் இருந்தவர் அவர். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. எளிய வாழ்வின் பயனைப் பற்றி நான் என்ன சொல்ல? "ஒருநாள் நீங்களும் வந்து பாருங்கோ, அம்மா" என்றேன். கையொப்பமிட்டார், ஆனால் மனம் ஆறவில்லை.

நிற்க. ஆடிக் கடைசியிலே பதினான்கு மாணாக்கரும் ஆசிரியர் இருவருமாக மணற்காடு சேர்ந்தோம். வடமராட்சிக் கரையில், வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்கு அப்பால், மணற்குன்றுகளும் சவுக்கந்தோப்பும், மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்களும் உள்ள இடம் அது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை ஏறிய கரையுமாகும். ஆதலின் அலைவாயைவிட்டுத் தள்ளி, குன்றுகளுக்கு உட்புறமாகவே தங்கினோம். எரிவாயு அடுப்பு, போத்தல் தண்ணீர், கைத்தொலைபேசி யாவும் வீட்டில் நின்றன. (அவசரத்துக்கென ஒரு தொலைபேசி என் பையிற் கிடந்தது. அதுபற்றி மாணாக்கர் செய்த பரிகாசத்தை இங்கு எழுதேன்.)

தண்ணீரே முதற் பாடம். குன்றுகளுக்கிடையிலான பள்ளத்தில் நாலடி தோண்டியதும் மணல் ஈரமாயிற்று. சுவர் சரிந்து சரிந்து விழவே, அடியும் மூடியும் வெட்டிய தகரப் பீப்பாவொன்றை இறக்கினோம். ஐந்தாம் அடியில் ஊறிய நீரை நாவில் வைத்த ஒருவன், கடல் அருகே இரைந்துகொண்டிருக்க இது உவர்க்காதது எப்படி என்று வியந்தான். மழைநீர் உப்புநீரிலும் இலேசானது. மணலூடே இறங்கி உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நிற்கும் என்பது கணக்கு. வற்றாத ஆறொன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு உயிர் வாழ்வது இம்மிதப்பினாலேயே. கூடுதல் நீர் வேண்டி மாணாக்கர் மேலும் ஆழமாக்க முனைய, வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "காணும் தம்பியவை. ஆழக் கிண்டாதேங்கோ, அகலக் கிண்டுங்கோ. ஆழப்போனால் உவர் ஏறும்" என்றார். கரும்பலகையில் எனக்கு ஒரு பாடவேளை பிடிக்கும் விஷயம் அது. நீரைக் கொதிக்கவைத்தே குடித்தோம் என்பதையும் சொல்லிவிடுகின்றேன்.

சோளகம் வீசும் காலமாதலால் அடுப்புக்கு நீளக் குழி வெட்டினோம். சவுக்கைத் தொடவில்லை, ஊமலும் பன்னாடையும் காய்ந்த மட்டையும் ஊரிலிருந்தே கொண்டுசென்றிருந்தோம். ஒடியற்கூழ் இரண்டு பானைகளிற் கொதித்தது: ஒன்று மீனுடன், மற்றது பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மாத்திரம் சேர்ந்தது. ஒன்றின் அகப்பை மற்றதற்குட் சென்றதா என்பதை நான் ஆராயவில்லை. இரவிலே, தெற்கு வானிற் கேட்டையின் செந்நிறத்தையும், வடக்கே பத்துப் பாகை உயரத்தில் மங்கலாய் நின்ற துருவனையும் காட்டினேன். பாதிப்பேர் அதற்குள் உறங்கிவிட்டனர்.

இரண்டாம் நாட் பிற்பகல் அத்தாய் பிட்டுப் பொதியோடு வந்தார். எங்கள் தறப்பாளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "வாய்க்கால் வெட்டேல்லையோ?" என்றார். ஆடியில் மழை ஏது என்று மகன் சொன்னதை அவர் பொருட்படுத்தவில்லை. மண்வெட்டியை வாங்கி, நீர் வடியும் விளிம்பையொட்டி நாற்புறமும் சாண் ஆழத்தில் வெட்டினார். பள்ளப் பக்கமாக வழி விட்டார். இளகிய மணலில் முளைகள் கழன்று வருவதைக் கண்டு, மணல் நிரப்பிய சாக்குகளைப் புதைத்து அவற்றிற் கயிற்றைக் கட்டுவித்தார். மாணாக்கர் வாய்பேசாது அவர் சொன்னபடி செய்தனர்.

"அம்மா, இதெல்லாம் எங்கை பழகினீங்கள்?" என்று மகன் கேட்டான்.

மண்வெட்டி ஒரு கணம் நின்றது. "உன்ரை அக்கா அப்ப கைக்குழந்தை. அவள் நனையக்கூடாதெண்டு" என்றார்.

அக்கதை அவன் கேட்டறியாதது என்பது முகத்தில் தெரிந்தது. இருட்டும்வரை இருவரும் குன்றின்மேல் அமர்ந்திருந்தனர். நான் அடுப்புப் பக்கம் சென்றேன்.

மூன்றாம் நாட் காலை, வாய்க்காலையும் அடுப்பையும் நிரவிவிட்டுக் கிணற்றையும் மூடப் போனோம். "ஆடுகள் குடிக்கும், விடுங்கோ" என்றார் முதியவர். பிள்ளைகள் விழுந்துவிடாதபடி பீப்பாவை எடுத்துவிட்டு, ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டி விட்டோம். நாங்கள் வண்டியில் ஏறுமுன்பே இரண்டு வெள்ளாடுகள் வந்து நின்றன.