இடது விங்

எம்பிலிப்பிட்டிய பஸ் நிலையத்துக்குப் பின்னால் டயருக்கு ஒட்டுப் போடும் சின்னக் கடையொன்று இருக்கிறது, சந்தைக்கு வந்து இறங்கும் வாழைக்குலைகளின் வாடையும் எருமைத் தயிர்ச் சட்டிகளின் புளிப்பும் அந்த வெயிலில் கலந்து நிற்கும், ஆனால் கடைக்காரர் சொலூசன் டப்பாவைத் திறந்து, அரம் போட்டு உரசிய டியூப்பில் விரலால் தடவியதும் மற்ற வாடையெல்லாம் ஒதுங்கி ரப்பர் மட்டும் மூக்கில் ஏறியது. தங்கச்சியின் மகன் பலகையில் குந்திக்கொண்டு போனில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான், கொனாமி கம்பனியின் ஈஃபுட்பால், "மாமா, குல்லிட் வந்துட்டாரு, ரும்மெனிக்கேயும் இருக்காரு" என்று போனைத் திருப்பிக் காட்டினான். ஆட்டத்தை விட்டுக் கால் நூற்றாண்டு தாண்டிய மனிதர்கள், குல்லிட் தன் சடைமுடியோடும் ரும்மெனிக்கே தன் கட்டைத் தொடைகளோடும், முழங்கால் வலி இன்னதென்று தெரியாத வயதில் நிறுத்தப்பட்டு உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இறக்குவானைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக்கு மேல் மலையில் தேயிலை, கீழ்ச்சரிவில் ரப்பர், பால் வெட்டின கோட்டில் காய்ந்து நாடாவாக உரிந்துவரும் ஒட்டுப்பாலைத்தான் நாங்கள் பந்துக்குத் தேடினோம், கசக்கிய வீரகேசரித் தாளை நடுவில் வைத்து, நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினால் மாம்பழமளவில் ஒரு உருண்டை வரும், தரையில் போட்டால் கூரைவரை எழும்பும், எந்தப் பக்கம் போகுமென்று யாருக்கும் தெரியாது. ஒட்டுப்பாலுக்கு நிறுத்துக் காசு கொடுப்பதால் அதைத் தொட்டாலே கங்காணி விரட்டுவார், தொட்டவன் யாரென்று கண்டுபிடிக்க அவர் எங்கள் கைகளை மோந்து பார்த்தாலே போதும், சோப்பு போட்டுத் தேய்த்தாலும் மறுநாள்வரை போகாத வாடை அது. இன்றைக்கு என் மருமகனின் கையை மோந்து பார்த்தால் சார்ஜர் சூட்டின் வாடைகூட இருக்காது.

அந்தப் பந்து எகிறி எங்கள் லயத்து வாசலுக்கு வந்தால் தாத்தா எழும்பமாட்டார், பென்சன் எடுத்த பிறகு அவருடைய நாளின் பெரும்பகுதி அந்தத் திண்ணையில்தான், முழங்காலில் சித்தாலேப தடவி, இடது காலை நீட்டி, உள்ளங்கையில் சீனி வைத்து நக்கி நக்கிச் சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். பந்து வரும் சத்தம் கேட்டதும் நீட்டிய கால் மட்டும் அசையும், உள்ளங்காலால் அமர்த்தி, பாதத்தை உள்பக்கம் திருப்பி, தலையைத் தூக்காமலே எங்களில் எவன் தனியாக நிற்கிறானோ அவனுக்கே திருப்பி அனுப்புவார். அட்டை கடித்த தழும்புகள் நிறைந்த அந்தக் காலின் பெருவிரல் நகம் கறுத்துப்போய்க் கிடந்தது, பூட்ஸ் இல்லாமல் ஆடிய காலத்தின் மிச்சம்.

1986 ஜூன் 29ஆம் திகதி இரவு அவரைக் கைத்தாங்கலாகப் பெரிய கிளாக்கர் வீட்டுக்குக் கூட்டிப்போனோம், மெக்சிகோவில் நண்பகல், எங்களுக்கு நள்ளிரவை நெருங்கிவிட்டது, கார் பேட்டரியில் ஓடிய டிவியின் நீல வெளிச்சம் சன்னல் வழியாக வெளியே குந்தியிருந்தவர்களின் முகத்திலும் விழுந்தது, உள்ளே மண்ணெண்ணெயும் வெற்றிலையும் ஈரக் கம்பளியும் மணத்தன. எல்லோருக்கும் மரடோனா பைத்தியம், தாத்தா மட்டும் காயத்தோடு உலகக் கிண்ணத்துக்கு வந்திருந்த ஜெர்மன் கேப்டனையே பார்த்துக்கொண்டிருந்தார், 1980இலும் 1981இலும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ரும்மெனிக்கே இரண்டு கோல் பின்தங்கிய நிலையில் 74ஆவது நிமிடத்தில் ஒன்றைத் திருப்பினார், ஃபோலர் சமப்படுத்தினார், கொஞ்ச நேரத்தில் மரடோனா தள்ளிய பந்தில் புருச்சாகா அடித்து 3-2 என்று முடித்தார். வெளியே கூச்சல் அடங்கவில்லை, "அந்தப் புள்ளைக்குக் காலு வலிக்குதுடா" என்று மட்டும் தாத்தா சொன்னார், ரும்மெனிக்கே நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அதுவென்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

தோட்டத்து டீமின் படம் ஒன்று எங்கள் தகரப் பெட்டியில் இருந்தது, இறக்குவானை டவுன் ஸ்டூடியோவில் எடுத்தது, மழைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து இடது ஓரத்து இரண்டு முகங்கள் கரைந்துபோயின. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பக்கத்துத் தோட்டங்களோடு மோதிய அந்தப் பதினொரு பேரையும் எந்த எதிரியும் உடைக்கவில்லை, 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் உடைத்தது, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று கொழுந்து நிறுப்பது போல் மனிதர்களைப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக, கோல்கீப்பர் போனார், ரைட் பேக் போனார், கடைசியில் தாத்தாவின் சொந்தத் தம்பியே தலைமன்னார்க் கப்பலுக்குப் போனார், மலைநாட்டில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வாங்கிய ரயில்களின் காலம் அது. அதற்குப் பிறகு தாத்தா ஆடவில்லை, ஆட ஆள் இருக்கவில்லை.

அந்தச் சின்னத்தாத்தாவை நான் கூடலூரில் பார்த்தேன், தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டேன்டீ தோட்டத்தின் வரிசை வீட்டில், தைலமர இலை எரியும் புகை கண்ணைக் கரிக்க, சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு அடுப்பை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். அண்ணன் செத்த சேதியை முன்பே கடிதத்தில் எழுதியிருந்தோம், அதைப் பற்றி எதுவும் கேட்காமல், "கிரவுண்டு இருக்கா?" என்றார், பாதி இருக்கிறது, மீதியில் புது வீடுகள் வந்துவிட்டன என்றேன், கோல் கம்பம் எந்தப் பாதியில் என்று கேட்டார். பிறகு விரல் மடக்கிப் பதினொரு பேரையும் நிற்கும் இடத்தோடு சொன்னார், கரைந்த இரண்டு முகங்களும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தன, ஒன்று அவர், மற்றது தாத்தா. "அண்ணனுக்கு எடது காலு, எனக்கு வலது காலு, ஆனா கிளாக்கரய்யா என்னைத்தான் லெப்ட் விங்குல போட்டாரு, அண்ணே பேக்குலயே நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குள் விறகைத் தள்ளினார்.

முகத்துக்கு இன்று விலை இருக்கிறது, தன்னைக் கேட்காமல் விளையாட்டுக்குள் போட்டார்கள் என்று 2017இல் கொனாமியோடு மரடோனா சண்டை பிடித்து, பிறகு சமாதானமாகி அதன் தூதுவரே ஆனார், அவர் இறந்த பிறகு உரிமைத் தகராறில் 2022இல் ஃபிஃபா விளையாட்டு அவரை எடுத்துவிட்டது. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஒரே கோல்கீப்பரான லெவ் யாஷின் அதே ஃபிஃபா விளையாட்டில் மூலைக்கு மூலை பாய்ந்தார், கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள், அந்த யாஷின் அதில் இருக்கவில்லை. இது எனக்கு வெகுநாளாகப் பிடிக்கவில்லை, முதுமையைக் கழித்துவிட்டு மனிதனை வைத்திருப்பது அரைகுறை மரியாதை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் ஒட்டுப் போடும் கடை வெயிலில் மருமகனின் தோளுக்கு மேலால் பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது, ஒரே காலத்தில் ஒரே கிளப்பில் ஆடியிராதவர்கள், செத்தவரும் இருப்பவரும், ஒரே சட்டையில் நிற்கிறார்கள், யாரையும் யாரும் கப்பலேற்றவில்லை.

அவனிடம் எங்கள் பதினொரு பேரைச் சொன்னேன், சின்னத்தாத்தா சொன்ன வரிசையிலேயே. அவர்களை இதில் போட ஏலாது என்றான், போன் விளையாட்டில் புது ஆளை உண்டாக்க வசதியில்லையாம், ஆனாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டான், கேட்டு முடித்ததும் முகம் சுளித்தான்.

"பிழையாப் போட்டிருக்காங்க மாமா, எடது கால்காரரைப் பின்னால நிக்க வச்சா கிராஸ் யாரு போடுறது? உங்க தாத்தாவ லெப்ட் விங்ல ஏத்தி, தம்பிய ரைட்டுக்கு மாத்தணும்."

"அப்ப பேக்குல யாரு?"

"அதான் பார்க்கிறேன். திரும்ப ஒருக்கா சொல்லுங்க, கோல்கீப்பர்ல இருந்து."