முழங்காலுக்கு இருபது வயசு

பள்ளிமுனையில் முழங்கால் நோவுக்கு ஒரே விளக்கம்தான்: "வயசு போனா அப்பிடித்தான், எலும்பு தேயும்." பூசையில் முழங்காலில நிக்க ஏலாத அம்மம்மாமார் வாங்கிலேயே இருப்பினம். கடலுக்குப் போய்க் களைச்ச அப்பப்பாமார் வள்ளத்தில ஏறேக்க ஒரு காலைக் கையால தூக்கி வைப்பினம். நரைமுடி மாதிரி, ஊரே இதை ஏற்றுக்கொண்டாச்சு.

ஆனால் மூட்டுத் தேய்மானம் நரைமுடி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், 2019இல் 528 மில்லியன் பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். கூடுதலாக அடிபடுவது முழங்கால்தான். பத்தில் ஆறு பேர் பெண்கள். கால்வாசிக்கும் மேற்பட்டோர் 55 வயதைத் தாண்டாதவர்கள்.

எலும்பு நுனியை மூடியிருக்கிற குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கிற வழுவழுப்பான திரவம்தான் அதுக்குச் சாப்பாடு. நடக்கேக்க பஞ்சு மாதிரி அமுங்கி விரிஞ்சு அதை உறிஞ்சும். அதனால "நோகுது, நடக்காம இரு" எண்டு மாதக்கணக்கா இருத்தி வைக்கிறது உதவாது. இரத்தம் போகாத இடம் கிழிஞ்சால் சரியா ஆறவும் மாட்டாது.

இங்கதான் எங்கட உதைபந்தாட்டம் வருது. எங்கட ஊரில நடக்கப் பழகின பெடியன் பந்தையும் உதைக்கப் பழகிடுவான். முழங்கால் சவ்வோ லிகமென்டோ கிழிஞ்ச ஆக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு 10 முதல் 20 வருசத்துக்குள்ள தேய்மானம் வருது எண்டு ஆய்வுகள் சொல்லுது. இருபது வயசில விழுந்தவனுக்கு முப்பத்தைஞ்சிலேயே வரலாம். வலை இழுத்துப் பிள்ளையளைப் படிப்பிக்கிற வயசு அது.

நாங்கள் என்ன செய்யிறம்? எண்ணெய் போட்டு நீவி, துணி சுத்தி, அடுத்த ஞாயிறு மேட்சுக்கு இறக்கி விடுறம். விழுந்து சில மணித்தியாலத்துக்குள்ள வீங்கினாலோ, முழங்கால் பூட்டுப்பட்டாலோ, நடக்கேக்க மடங்கினாலோ நீவக்கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

விழாமல் இருக்கவும் வழி இருக்கு. ஃபீஃபாவின் '11 பிளஸ்' எண்ட பயிற்சிக்கு 20 நிமிசமும் பந்தும் மைதானமும் போதும். மெதுவா ஓடி, ஒற்றைக் காலில நிண்டு, குந்தி எழும்பி, பாய்ஞ்சு இறங்கேக்க முழங்கால் உள்ளுக்கு மடியாமல் பழகுறது. கிழமைக்கு இரண்டு தரமாவது ஒழுங்காச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்களவு குறைஞ்சிருக்கு.

விளையாடாத ஆக்களுக்கும் கணக்கு ஒண்டு இருக்கு. உடம்பு நிறையில் 1 கிலோ குறைஞ்சால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு 4 கிலோ பாரம் குறையும். கதிரையில இருந்து கை ஊண்டாமல் பத்துத் தரம் எழும்பி இருந்தாலே தொடைத் தசை பலப்படும். அந்தத் தசைதான் முழங்காலைத் தாங்கிறது.

அதோட, மணிக்கணக்கா குந்தி இருந்து மீன் வெட்டிக் கருவாடு போடுற எங்கட அம்மாமாரை மறந்திடக் கூடாது. நீண்ட நேரம் குந்தி இருக்கிறதும், குந்தினபடியே பாரம் தூக்குறதும் முழங்காலைத் தின்னும். உயரமான ஒரு பலகை, மீன் பெட்டியைப் பிடிக்க இன்னொரு ஆள், இடைக்கிடை எழும்பி நாலு நடை. இதுக்கு ஒரு நிதியுதவியும் தேவையில்லை, வீட்டில நாங்கள் எழும்பிப் போய்ப் பிடிச்சாச் சரி.

இனி வீங்கின முழங்காலோட இறங்கிறவனைப் பார்த்து "வீரன்டா" எண்டு கத்துறதை நிப்பாட்டுவம். கோல் போட பெஞ்சில வேற ஆள் இருப்பான். அவன்ர வீட்டு வள்ளத்தைத் தள்ள அவன்ர கால்தான் இருக்கு.