மலைச் சாலையில் மிதிவண்டி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியோர். ஆனால் பத்தாம் வகுப்பு என்ற சொல் காதில் விழுந்ததும், பல வீடுகளில் சுவரை மறந்து சித்திரத்தை மட்டுமே நினைக்கிறார்கள். பூப்பந்து மட்டை பரணில் ஏறிவிடுகிறது. மிதிவண்டி பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்வருவதோடு சரி. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அதை மாற்றியது அப்பாவின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு.

சென்ற கோடை விடுமுறையில் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. மாத்திரை எழுதித் தந்த மருத்துவர், உடற்பயிற்சியும் ஒரு மருந்துதான் என்றார். உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றனவாம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓட்டலாம், ஆனால் படிப்படியாக" என்று அனுமதி தந்தார். தனியாகப் போனால் அப்பா மூன்றாம் நாளே நின்றுவிடுவார் என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆகவே துணைக்கு நான் நியமிக்கப்பட்டேன். "வயசுப் பொண்ணு மலை ரோட்டில் சைக்கிள் விடுவதா?" என்று பாட்டி கேட்டார். "அவள் அப்பாவோடுதானே போகிறாள், அத்தை" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டார்.

சேலத்தில் வாழ்பவர்களுக்கு மலை தொலைவில் இல்லை. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். அடிவாரத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இருபதையும் ஒரு நாள் ஏறிவிட வேண்டும் என்று அப்பாவும் நானும் தீர்மானித்தோம்.

ஆனால் முதல் மாதம் மலையைத் தொடவே இல்லை. சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுக் கன்னங்குறிச்சி மூக்கனேரி வரை போய்வந்தோம். அடுத்த மாதம் அயோத்தியாப்பட்டணம் வழியாகக் குப்பனூர்ப் பக்கம். மரவள்ளிக் காடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே சிறு சிறு ஏற்ற இறக்கங்களில் கால்கள் பழகின. மூன்றாம் மாதம்தான் மலைச் சாலை. முதல் நாள் மூன்று வளைவுகள் ஏறித் திரும்பினோம். பிறகு வாரத்திற்கு ஒன்று அல்லது இரண்டு கூட்டினோம். ஞாயிறன்று திருப்பலிக்குப் பின் சமதரையில் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுவோம். முந்தைய நாளின் கால்வலி அதில் தணிந்துவிடும்.

ஏற்றத்தில் அவசரம் உதவாது. ஏற்றம் தொடங்குமுன்பே இலேசான கியருக்கு மாற்றிக்கொண்டு, கால்கள் சீராகச் சுழலும்படி மிதிக்க வேண்டும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகமே சரியான வேகம். இதை அளக்க நாங்கள் செபமாலையைத் துணைகொண்டோம். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை மூச்சுத் திணறாமல் சொல்ல முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். 2002-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்த பின் செபமாலையின் மறைபொருள்கள் இருபது. வளைவுகளும் இருபது! இதைக் கேட்டு எங்கள் அருட்சகோதரி சிரித்து மகிழ்ந்தார்.

அவர் சொல்லித்தான் ஜீனோ பார்த்தாலியைப் பற்றி அறிந்தேன். 1938, 1948 ஆகிய ஆண்டுகளில் டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தை வென்ற இத்தாலிய வீரர் அவர், பக்தியுள்ள கத்தோலிக்கர். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் யூதர்களை வேட்டையாடிய காலத்தில், பயிற்சிக்குப் போவதுபோல் மலைநாட்டுச் சாலைகளில் ஓட்டிச் சென்று, மிதிவண்டிக் குழாய்களுக்குள் மறைத்த போலி அடையாளச் சீட்டுகளைக் கொண்டு சேர்த்தார். யூதர்களைக் காத்த இப்பணிக்காக 2013-இல் இசுரேல் அவரைப் பெருமைப்படுத்தியது. பந்தயத்திற்காகச் சேர்த்த பலம் பிறர் உயிரைக் காக்கப் பயன்பட்டது.

எங்கள் பயிற்சி தடையின்றி நடந்துவிடவில்லை. ஐப்பசி மழையில் மூன்று வாரம் வெளியே போக முடியவில்லை. மறுபடி ஏறியபோது ஆறாம் வளைவிலேயே பெருமூச்சு வாங்கியது. உடலின் பலம் வங்கிப் பணம்போல் அப்படியே இருப்பதில்லை என்று அன்று கண்டோம். மீண்டும் நான்கு வளைவுகளிலிருந்து தொடங்கினோம்.

டிசம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பதினான்காம் வளைவில் அப்பாவின் கை இலேசாக நடுங்கியது. இறங்கிச் சாலையோரச் சுவரில் அமர்ந்தார். சர்க்கரை குறைந்தால் உண்ணவென்று வைத்திருந்த மிட்டாயையும் வாழைப்பழத்தையும் கொடுத்தேன். "நீ போம்மா, நான் மெல்ல வருகிறேன்" என்றார். நான் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து, நடுக்கம் முற்றிலும் நின்ற பின், இரண்டு வளைவுகளை வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். மீதியை மிதித்தே ஏறினோம். இருபதாம் வளைவைத் தாண்டியதும் காற்றில் குளிர் ஏறியது. அப்பா ஒன்றும் பேசாமல் என் தலைக்கவசத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.

இறங்குவது இன்னும் கவனம் வேண்டிய வேலை. இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். இடப்பக்கத்தை விடக் கூடாது. ஏறிவரும் வண்டிக்கு வழி விட வேண்டும்.

இப்போது அப்பாவின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.4-லிருந்து 7.0-க்கு இறங்கியிருக்கிறது. மாத்திரை தொடர்கிறது, அளவு கூடவில்லை. காலையில் கண் விழித்ததும் எண்ணினால் என் நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 84 ஆக இருந்தது, இப்போது 72. பயிற்சியால் இதயம் வலுப்பெற்று ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை அனுப்புகிறது. அதனால் குறைவாகத் துடித்தால் போதும். மாலையில் புத்தகத்தின் முன் கண் சொக்குவதும் குறைந்துவிட்டது.

தோழியரே, உங்கள் ஊரில் மலை இல்லாவிட்டால் ஒரு மேம்பாலமாவது இருக்கும். அதில் தொடங்குங்கள். பெற்றோரே, தேர்வு ஆண்டு என்று மகளின் மிதிவண்டியைப் பூட்டி வைக்காதீர்கள். முடிந்தால் வாரத்தில் ஒரு காலை நீங்களும் அவளோடு புறப்படுங்கள்.