என் பல்லும் எங்கள் ஊர்த் தண்ணியும்

என் முன்பற்களில் பழுப்புக் கோடுகள் உண்டு. சிலவற்றில் மங்கிய வெள்ளைத் திட்டுகள். இரண்டில் ஊசி முனையளவு பள்ளங்கள். வகுப்பில் பாடம் எடுக்கும்போதுகூட ஒரு கை தானாக வாயருகே போய்விடும். கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் ஒரு படத்திலும் பல் தெரிய நான் சிரித்திருக்கமாட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் 'அடக்கமான பிள்ளை' என்று மெச்சிவிட்டுப் போனார்கள். அடக்கம் ஒன்றுமில்லை, வெட்கம்தான். இத்தனை வயதில் அதை எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது.

நான் வளர்ந்தது நாவுலயில். ஏ9 வீதியில் மாத்தளையிலிருந்து வடக்கே வந்தால், நாலந்தவைத் தாண்டி, தம்புள்ளைக்கு முன்னால் வரும் ஊர். மலைநாட்டின் ஈரம் குறைந்து வறண்ட பூமி தொடங்குகிற இடம். வீதியோரத்தில் அப்பாவுக்கு ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. பால் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாளும் உண்டு. சாயத்தண்ணிக்கு மட்டும் குறைவே இல்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்தே நாங்கள் அதைக் குடித்தோம்.

என் வெட்கத்துக்கு முக்கியக் காரணம் என் அக்கா. அவள் ரத்தோட்டையில் அப்பாயி வீட்டில் பிறந்து, எட்டு வயதுவரை அங்கேயே வளர்ந்தவள். பிறகுதான் நாவுலைக்கு வந்தாள். அவள் பற்கள் அத்தனையும் பளிச்சென்ற வெள்ளை. ஒரே தாய் தகப்பன், ஒரே வீட்டுச் சோறு, ஒரே பற்பசை. அப்படியிருக்க ஒருத்தி பல் வெள்ளையாகவும் இன்னொருத்தி பல் பழுப்பாகவும் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? "மூத்தவ ஒழுங்கா பல்லு வெளக்குறா, சின்னவ சோம்பேறி." நானும் அதை நம்பினேன். கரியால் தேய்த்தேன், உப்பால் தேய்த்தேன், செங்கல்லைப் பொடித்து ஈறில் இரத்தம் வரும்வரை தேய்த்தேன். கறை அசையவில்லை.

பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குப் போனபோது, ஓர் ஆய்வுகூட வகுப்புக்கு அவரவர் வீட்டுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த குழாய்க் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டு போனேன். சிவப்புச் சாயக் கரைசல் ஒன்றைச் சேர்ப்பார்கள். தண்ணீரில் புளோரைட்டு எவ்வளவு கூடுதலோ அவ்வளவுக்குச் சிவப்பு வெளிறும். கண்டி நகரத்துப் பிள்ளைகளின் சோதனைக் குழாய்கள் சிவந்தே நின்றன. என்னுடையது வெளிறிப்போனது. அளந்து பார்த்தால், உலக சுகாதார ஸ்தாபனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லையான லீற்றருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது.

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல. ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிய எண்ணமும் அல்ல. சொன்னால் சுயநலம் என்பீர்கள். சந்தோஷம்தான் வந்தது. என் மேல் பிழையில்லை என்ற சந்தோஷம்.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பல்லின் எனாமல், பல் முரசுக்கு வெளியே வருமுன்பே தாடைக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது. நிரந்தர முன்பற்களின் எனாமல் ஏறக்குறைய நான்கு, ஐந்து வயதுக்குள். கடைவாய்ப் பல் சிலவற்றில் எட்டு வயதளவில். எனாமல் முதிரும்போது அதிலுள்ள புரதம் விலகி, அந்த இடத்தில் கனிமம் இறுக வேண்டும். புளோரைட்டு மிகுந்தால் அந்தப் புரதம் விலகுவது தாமதப்படுகிறது. எனாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. பல் முளைத்த பிறகு உணவிலும் தேநீரிலும் உள்ள நிறம் அந்தத் துளைகளில் ஏறிக்கொள்கிறது. எத்தனை தேய்த்தும் என் கறை ஏன் போகவில்லை என்பதும், அக்காவின் பல் ஏன் தப்பியது என்பதும் ஒன்றாகத் துலங்கின. அவள் நாவுலைக்கு வந்து சேர்ந்தபோது அவள் எனாமல் பெரும்பாலும் ரத்தோட்டைத் தண்ணீரில் உருவாகி முடிந்திருந்தது.

எங்கள் வீட்டுக் கதையை ஓர் அமெரிக்கப் பல் வைத்தியர் முன்பே பார்த்திருந்தார். பிரெட்ரிக் மெக்கே 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போனபோது, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் பழுப்புக் கறை. வளர்ந்தபின் வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. தண்ணீரைச் சந்தேகித்தார். தண்ணீரில் இருப்பது என்னவென்று கண்டுபிடிக்க 1931 ஆகிவிட்டது; அலுமினியக் கம்பனி ஒன்றின் இரசாயனவியலாளர் எச்.வி. சர்ச்சில் அதைப் புளோரைட்டு என்று காட்டினார். ஆறு ஆண்டு கழித்து, 1937இல், எச்.இ. ஷார்ட்டும் சக வைத்தியர்களும் சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் அதைவிடக் கொடியதை எழுதினார்கள்: கழுத்துத் திரும்பாமல், முதுகு வளையாமல் இறுகிப்போன உழவர்கள். பல்லோடு நிற்காமல் எலும்பிலும் புளோரைட்டு ஏறியிருந்தது.

இலங்கையில் பேராசிரியர் சி.பி. திசாநாயக்கவும் அவரோடு வேலை செய்த புவி இரசாயனவியலாளர்களும் நாட்டின் நிலத்தடி நீரை வரைபடமாக்கினார்கள். மழை மிகுந்த பகுதியில் பாறையிலிருந்து கரையும் புளோரைட்டை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. வறண்ட பகுதியில் தண்ணீர் பாறையோடு நெடுநாள் கிடக்கிறது, ஆவியாகிறது, மிச்சமிருப்பதில் புளோரைட்டு செறிகிறது. 1992இல் வர்ணகுலசூரியவும் குழுவினரும், எங்களுக்குப் பக்கத்து கலேவெல உட்பட நான்கு பகுதிகளில் 14 வயதுப் பிள்ளைகள் 380 பேரின் பற்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெயில் நாட்டில் மனிதர் அதிகம் தண்ணீர் குடிக்கிறார்கள்; ஆகவே நமக்கு எல்லை 0.8 ஆக இருப்பதே நல்லது என்றார்கள். லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்த தண்ணீர் குடித்தவர்களிடமும் கறை இருந்தது. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் 2013இல் 1.0 ஆக இறங்கியது.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் போய், வெற்றி பெற்றவள் மாதிரி அம்மாவிடம் சொன்னேன். குழாய்க் கிணற்றுத் தண்ணிதான் காரணம், சாயத்தண்ணியும் கூட, தேயிலையிலும் புளோரைட்டு இருக்கிறது, கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும் என்று அடுக்கினேன். அம்மா அடுப்படியில் நின்றபடியே கேட்டார். "அப்ப நாந்தானே ஒனக்கு அந்தத் தண்ணிய ஊத்திக் குடுத்தேன்?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இத்தனை ஆண்டும் என் தலையில் இருந்த பழியை இறக்கி அம்மாவின் தலையில் வைத்திருந்தேன். குடும்பநல உத்தியோகத்தர் மிஸ் சொன்னபடி எங்களுக்குக் கொதித்தாறிய நீரையே தந்தவர் அவர். அந்தக் குழாய்க் கிணறும் கெட்ட நோக்கத்தில் வந்ததல்ல. ஐ.நா.வின் குடிநீர்ப் பத்தாண்டான 1981–1990 காலத்தில் நாடெங்கும் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. திறந்த கிணற்றுத் தண்ணீரால் வயிற்றோட்டம் வந்த ஊரில், மூடிய கிணறு பிள்ளைகளைக் காப்பாற்றியது. தேங்காய் உடைத்துத்தான் அதைத் திறந்தார்களாம். பம்பியை அடித்தால் வந்தது கண்ணாடித் தெளிவான தண்ணீர். நிறமோ மணமோ இல்லாத ஒன்றை எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

அப்பாயி கடைசிக் காலத்தில் எங்களோடு வந்து இருந்தார். முதுகு கூனி, ஒருநாள் முற்றத்தில் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதையும் தண்ணீரின் கணக்கில் எழுத என் மனம் துடித்தது. ஒரு காரணம் கிடைத்துவிட்டால் உலகத்தையே அதில் கட்டிவிடத் தோன்றும். டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். புளோரைட்டு ஏறிய எலும்பு படத்தில் வழமையைவிட வெளுத்து, அடர்ந்து தெரியும். அப்பாயியின் எலும்பு மங்கிக் கிடந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரஜன் குறைந்து, எலும்பு கட்டுவதைவிடக் கரைவது மிஞ்சிப்போன எலும்புத் தேய்வு.

அப்போதுதான் எலும்பைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். அப்பாவின் கடையில் கடன் கொப்பிகள் இருக்கும்: கணக்கை முடித்து மூடி வைத்தவை சில, இன்னும் பற்றும் வரவும் எழுதப்படுபவை சில. பல்லின் எனாமல் மூடிய கொப்பி. அதை எழுதிய உயிரணுக்களே பிறகு இருப்பதில்லை. எலும்பு திறந்த கொப்பி. ஒருவகை உயிரணு பழைய எலும்பைக் கரைக்க, இன்னொரு வகை புதியதைக் கட்டுகிறது. வளர்ந்தவர்களில் ஆண்டுக்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. உடலின் கல்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான். இரத்தத்தில் அளவு குறைந்தால் பராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நாம் குடிக்கும் புளோரைட்டில் ஒரு பங்கைச் சிறுநீரகம் வெளியேற்ற, மீதி எலும்பில் சேர்கிறது. நல்ல தண்ணீருக்கு மாறினால் எலும்பிலுள்ளது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். பல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எலும்புத் தேய்வுக்குப் புளோரைட்டையே மருந்தாகக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லோரன்ஸ் ரிக்ஸும் குழுவினரும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 75 மில்லிகிராம் சோடியம் புளோரைட்டு என நான்கு ஆண்டு கொடுத்து, 1990இல் முடிவை வெளியிட்டார்கள். முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. முதுகெலும்பு முறிவோ குறிப்பிடும்படி குறையவில்லை. மற்ற இடங்களில் முறிவு அதிகரித்தது. எலும்பு கனத்தது, பலம் சேரவில்லை.

எங்கள் மாவட்டத்தின் வில்கமுவப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியபோதும் இதே அவசரத்தைப் பார்த்தேன். இன்றைக்குப் பூச்சிமருந்து, நாளைக்குப் புளோரைட்டு, மறுநாள் தண்ணீரின் கடினத்தன்மை என்று ஆளுக்கொரு குற்றவாளியைப் பிடித்தார்கள். எல்லோரும் ஏற்கும் ஒற்றைக் காரணம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஒன்று மட்டும் உறுதி: சிறுநீரகம் தளர்ந்தால் விற்றமின் டீயைச் செயல்நிலைக்கு மாற்றும் வேலையும் பொஸ்பேற்றை வெளியேற்றும் வேலையும் கெட்டு, எலும்பும் கூடவே நோயாகிறது. புளோரைட்டும் உடலில் அதிகம் தங்குகிறது.

என் பல்லைப் பற்றி ஊர் சொன்னதும், அம்மா தன்னைப் பற்றிச் சொன்னதும், அப்பாயியின் எலும்பைப் பற்றி நான் சொல்ல நினைத்ததும் ஒரே பழக்கத்தின் பிள்ளைகள். நோய் கண்டவுடன் பக்கத்தில் கைக்கு எட்டும் ஒன்றின்மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். மண்ணிலிருந்து வரும் நோய்க்கு வீட்டுக்குள் குற்றவாளி கிடையாது. வீட்டுக்குள் முழு மருந்தும் கிடையாது.

ஓரளவு மருந்து உண்டு. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஜே.பி. பத்மசிரி, சுட்ட செங்கல் துண்டுகள் நிரப்பிய வீட்டு வடிகட்டியைக் கொண்டுவந்தார். செங்கல் புளோரைட்டைப் பிடித்துக்கொள்ளும். சில மாதங்களுக்கு ஒருமுறை கல்லை மாற்ற வேண்டும். நான் செங்கல்லைப் பல்லில் தேய்த்த காலத்தில் அதைத் தண்ணீரில் போட்டிருக்கலாம்! இப்போது ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டியில் சுத்திகரித்த தண்ணீர் விற்கிறார்கள். நாவுலயிலிருந்து எலஹெர போகும் பக்கம் அம்பன் கங்கையை மறித்து, 2018 ஜனவரியில் திறந்துவைத்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் இருக்கிறது. ஆற்று நீரில் பொதுவாகப் புளோரைட்டு குறைவு. சுத்திகரித்த ஆற்று நீர் குழாயில் வரும் வீடுகளுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை.

குழாய் எட்டாத வீடுகளுக்காக நான் கேட்பது சிறிய காரியம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில், கட்டிக்கொடுத்தவர் பெயரும் ஆண்டும் சிமெந்தில் பதித்திருக்கும். அதற்குக் கீழே புளோரைட்டு அளவையும் எழுதுங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, வறட்சியில் ஒருமுறை அளந்து திருத்துங்கள். குளிக்கவும் துவைக்கவும் எந்தக் கிணறும் போதும். கைக்குழந்தை வைத்திருக்கும் ஒருத்தி குடிக்கவும் சமைக்கவும் எந்தக் கிணற்றில் குடம் வைப்பது என்பதை, அந்த எண்ணைப் பார்த்து அவளே முடிவு செய்துகொள்வாள்.