இறங்க வீடில்லாத ஊர்கள்

தேவ்நாரில் குடியிருக்கும் நம்மில் பலருக்கும் இரயில் பயணம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: ஊருக்குப் போவது. கோவண்டியில் ஹார்பர் வண்டி ஏறி, மூட்டை முடிச்சுகளோடு பெரிய நிலையம் சேர்ந்து, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் அமர்ந்து, திருநெல்வேலியில் இறங்கித் திருச்செந்தூர் பாசஞ்சரைப் பிடிப்போம். நாசரேத்தில் யாராவது காத்து நிற்பார்கள். திருமணம், அடக்க ஆராதனை, நிலத் தகராறு ஆகிய இம்மூன்றைத் தவிர வேறு காரணத்திற்காக முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் இரயில் ஏறியதில்லை.

என் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பின், கடந்த தை மாதத்தில் வீட்டை விற்றுக் கையெழுத்திடச் சென்றேன். அந்தக் கையெழுத்தோடு ஊரில் எனக்கென்று இறங்க ஒரு வாசற்படியும் இல்லாமற்போயிற்று. வந்த வழியே திரும்ப மனம் ஒப்பவில்லை.

ஜெர்மனியில் வேலை செய்யும் என் தங்கை மகன் தனியாகவே இரயிலில் பிராகா, வியன்னா, புடாபெஸ்ட் என்று பழம்பெரும் நகரங்களைச் சுற்றியவன். "பெரியம்மா, பிராகாவிலிருந்து வியன்னாவுக்கு நான்கு மணி நேரந்தான். காலையில் ஓர் ஊர், மாலையில் இன்னோர் ஊர்" என்று சொல்லியிருந்தான். அப்போது அது எனக்குப் பணக்காரப் பேச்சாகத் தோன்றியது. திருநெல்வேலி நிலையத்தில் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, சிதம்பரம் ஆகிய ஐந்து நகரங்களும் ஒரே தடத்தில், ஒன்றுக்கொன்று 30 முதல் 50 கிலோமீட்டருக்குள் நிற்கின்றன. பாசஞ்சர் கட்டணமோ ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவுக்கும் குறைவு. நம் மும்பை வண்டிகள் சேலம், கரூர் வழியாகவோ விருத்தாசலம் வழியாகவோ சென்றுவிடுவதால் இத்தடம் நம் கண்ணில் பட்டதே இல்லை.

முன்னாளில் சென்னையையும் தூத்துக்குடியையும் இணைத்த 'மெயின் லைன்' இதுவே. விருத்தாசலம் வழி பின்னர் வந்த குறுக்குவழி. அதனால் அதற்குக் 'கார்டு லைன்' என்று பெயர். தஞ்சைக்கு இரயில் வந்தது 1861இல், நாகப்பட்டினத்திலிருந்து. அகலப்பாதையாகப் போடப்பட்டதை 1875இல் மீட்டர் பாதையாகச் சுருக்கினார்கள். நம் காலத்தில் மீண்டும் அகலமாக்கினார்கள். மயிலாடுதுறை, விழுப்புரம் இடையே அவ்வேலை முடிந்தது 2010இல்தான்.

திருச்சியில் கிளாக் ரூமில் பெட்டியை ஒப்படைத்தேன். பூட்டு இல்லாத பெட்டியை வாங்க மாட்டார்கள், பயணச்சீட்டையும் காட்டவேண்டும். மலைக்கோட்டையின் அருகே சுவார்ட்ஸ் ஐயர் 1766இல் கட்டிய கிறிஸ்து ஆலயத்தை மட்டும் பார்த்துவிட்டு, பிற்பகல் வண்டியில் தஞ்சை சேர்ந்தேன்.

தஞ்சைக்கு ஒரு முழு நாள் வேண்டும். இராஜராஜன் 1010இல் கட்டி முடித்த கோயிலின் விமானத்தை எங்கிருந்தும் காணலாம். நான் அதிக நேரம் இருந்தது அரண்மனையிலுள்ள சரசுவதி மகால் நூலகத்தில். சரபோஜி மன்னர் கண்நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்வித்து, அவர்தம் கண்களை ஓவியமாக வரைந்து குறிப்பெழுதச் செய்திருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கிராமத்துக் கிழவியின் கண் புரையைக்கூட ஒருவர் பொறுமையாக வரைந்து வைத்திருக்கிறாரே!

அம்மன்னருக்கு இளமையில் வழிகாட்டியாயிருந்தவர் சுவார்ட்ஸ் ஐயர். சிவகங்கைப் பூங்காவை அடுத்து 1779இல் கட்டப்பட்ட அவருடைய ஆலயத்தில் ஒரு சலவைக்கல் சிற்பம் உண்டு. ஃபிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பி செதுக்கியது. மரணப்படுக்கையில் கிழவர் சாய்ந்திருக்க, சரபோஜி அவர் கையைப் பற்றி நிற்கிறார். 1750இல் கடலூரில் கரையிறங்கிய சுவார்ட்ஸ் 1798இல் தஞ்சையில் மரித்தார். நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. வீட்டை விற்ற பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அச்சிற்பத்தின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலைப் பாசஞ்சரில் பாபநாசம், கும்பகோணம். சன்னலோரத்தில் அறுவடைக்கு நின்ற சம்பா வயல். கூடையோடு ஏறிய பூக்காரம்மாள் கேட்டார்: "யாரைப் பார்க்கப் போறீங்க?" யாரையும் இல்லை, ஊரைப் பார்க்கத்தான் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாவம்" என்று ஒரு முழம் கதம்பத்தை என் கையில் வைத்தார்.

கும்பகோணத்தில் ஒரு விடுதியில் தனியாக வந்த பெண்ணுக்கு அறை தர மறுத்துவிட்டனர். "கூட யாரும் வரவில்லையா அம்மா?" என்றே திரும்பத் திரும்பக் கேட்டனர். ஐம்பத்தெட்டு வயதில் நான் யாரைத் துணைக்குக் காட்டுவது? கண் கலங்கிவிட்டது, மறைப்பதற்கில்லை. அடுத்த தெருவில் ஆதார் அட்டையைப் பார்த்து உடனே சாவியைக் கொடுத்தார்கள். தனியே செல்லும் சகோதரிகள் முதல் இரவுக்காவது அறையை முன்னதாகவே பேசி வைப்பது நலம். இருட்டும் முன் இறங்குவது அதனினும் நலம்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு முன்பு இரயில் இருந்தது. 1926இல் வந்த அக்கிளைப்பாதையை 1980களில் நிறுத்திவிட்டார்கள். இப்போது பேருந்தில் சுமார் 30 கிலோமீட்டர். 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. நேரே கடல், கடலோரத்தில் 1620இல் டென்மார்க்கார் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை. சீகன்பால்க் ஐயர் 1706 ஜூலை 9ஆம் நாள் இங்கு வந்திறங்கியபோது அவருக்கு இருபத்துநான்கு வயதுகூட நிறையவில்லை. நம் கையில் இருக்கும் தமிழ்ப் புதிய ஏற்பாடு முதன்முதலாக அச்சேறியது இவ்வூரில்தான், 1715இல். 1718இல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். முப்பத்தாறு வயது. அன்று மதியம் அவ்வாலயத்தில் என்னையும் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாவையும் தவிர எவரும் இல்லை. "எந்த ஊர்?" என்றார். முதன்முறையாக நாசரேத் என்று வாயில் வரவில்லை, தேவ்நார் என்றேன்.

சிதம்பரத்தில் இறங்க நேரமில்லை. சன்னல் வழியே கோபுரம் தெரிந்ததோடு சரி. போக விரும்புவோர்க்கு ஒரு செய்தி: 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தனியாகச் செல்லும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போதே கேளுங்கள். வழியில் எந்த உதவிக்கும் 139 எண்.

தாதரில் இறங்கி, குர்லாவில் மாறி, கோவண்டி சேர இரவு ஒன்பதாயிற்று. பையில் ஊர்க் கருப்பட்டி இல்லை. பேரனுக்கு வாங்கிய தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை ஒன்றுதான். படிக்கட்டில் எதிர்வீட்டுச் சகோதரி நின்றிருந்தாள்.

"ஊரில் எல்லாரும் சுகமா, அக்கா? யார் யாரைப் பார்த்தீர்கள்?"

பையைக் கீழே வைத்து, அவளருகே படியில் உட்கார்ந்து, தரங்கம்பாடியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.