நாடியின் மேல் விரல்

குளோரோஃபார்ம் கொடுக்கும்போது நாடியைப் பார்க்க வேண்டியதில்லை, மூச்சைக் கவனித்தால் போதும் என்ற கோட்பாடு ஹைதராபாத்திலிருந்து உலகத்துக்கு உரத்துச் சொல்லப்பட்டது. எட்வர்ட் லாரி அங்கே ரெஸிடென்ஸி சர்ஜன். எடின்பரோவில் சைமிடம் கற்றதை அவர் கடைசிவரை விடவில்லை. 1888இல் ஒரு கமிஷன். 1889இல் நிஜாமின் பணத்தில் லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் வந்து சேர்ந்துகொள்ள, இன்னொன்று. நாய்களையும் குரங்குகளையும் மயக்கி, இரத்த அழுத்தத்தைக் கருவியில் பதிவும் செய்துவிட்டு, முதலில் நிற்பது மூச்சுதான் என்று முடிவு கட்டினார்கள். மயக்கம் லேசாக இருக்கும்போதே இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடக்கூடும் என்பதை 1911இல் கூட்மன் லெவி பூனைகளில் காட்டினார். லாரியிடம் கருவிக்குக் குறைவில்லை. கோட்பாடு முந்திக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் உண்டு. 1970இல் ஸ்வானும் கான்ஸும் நுனியில் பலூன் வைத்த மெல்லிய குழாயை இதயத்தின் வழியே நுரையீரல் தமனிவரை செலுத்திக் காட்டினார்கள். இரத்தம் எவ்வளவு பாய்கிறது என்பதைக்கூடப் படுக்கையருகிலேயே எண்ணாகப் பெற முடிந்தது. 2003இல் வெளியான கனடிய ஆய்வில் அபாயம் மிகுந்த அறுவைக்கு வந்த, அறுபது வயதைத் தாண்டிய 1994 பேர். குழாய் வைத்தவர்களில் 7.8 சதவீதமும், வைக்காதவர்களில் 7.7 சதவீதமும் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். அறிந்தது கூடியது, பிழைத்தது கூடவில்லை.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது இதய வால்வும் சுருங்கியிருந்தது. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். மணிக்கட்டுத் தமனியில் சிறு குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் பார்ப்பார்களாம். பிரஷர் சரியாக இருந்தால் பயமில்லையே என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டேன். "தோட்டத்தில் ஹோஸ் வாயை விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் சீறும், பாத்தி நிறையாது. மருந்து கொடுத்து பிரஷரை ஏற்றிவிடலாம் சார். சிறுநீர் இறங்குகிறதா, கைகால் சில்லிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்" என்றார். எனக்கு உடனே புரிந்தது. வங்கியில் கணக்கு டேலி ஆகிவிட்டதாலேயே தப்பில்லை என்று ஆகாது. இரண்டு தப்புகள் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கலாம். ஓட்டம் குறைந்து நாளம் இறுகினாலும் அழுத்தம் அதே எண்ணைக் காட்டும். நான்கு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒருவர் எண்ணை நம்பாமல், எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமலும் இருக்கிறார் என்பதே ஆறுதல். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள்.

கவிதையில் நாம் எடுக்கும் அளவுகளும், இறுக்கம், படிமம், தொனி எல்லாம், அழுத்தத்தைச் சொல்பவைதான். இறுக்கிக்கொண்டே போனால் வரி சீறும். வாசகனிடம் ஏதாவது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. அதை நம் விமர்சகர்கள் கேட்பதில்லை. அளவே வேண்டாம், ரசனை போதும் என்பவர்கள் லாரியின் கட்சி. அவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை.