மாடு நின்ற இடம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் நாட்டு வைத்தியக் குடும்பங்கள்

கோலாலம்பூரையும் கிள்ளானையும் அவற்றுக்கிடையே நெருங்கி வளர்ந்துவிட்ட நகரங்களையும் சேர்த்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு என்பர். இந்நிலப்பரப்பில் சாலையில் திரியும் மாடுகளைப் பற்றிய செய்தி நாளேடுகளில் அடிக்கடி வருகிறது. மோதிய வாகனம், பிடிக்கப்பட்ட மாடு, உரிமையாளர் மீதான நடவடிக்கை என்ற அளவில் அச்செய்தி முடிந்துவிட, அந்த மாட்டைக் கறப்பவர் யார், அது நோயுற்றால் யாருடைய கை முதலில் அதன்மேல் படுகிறது என்ற கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. இரண்டாவது கேள்விக்கு விடையாக நிற்பவர் மாட்டு வைத்தியர். கல்லூரியில் பயின்று பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் பேச்சுவழக்கில் 'மாட்டு டாக்டர்' ஆவார். மாட்டு வைத்தியரோ தந்தையிடமோ மாமனிடமோ கண்பார்த்துக் கற்று, தாமும் மாடு வளர்த்துக்கொண்டு, அண்டைக் கொட்டகைகளுக்கும் சென்று உதவுபவர்.

இவருடைய தோற்றுவாய் ரப்பர்த் தோட்டம். தம் ஊராரைத் தாமே ஆள்சேர்த்து அழைத்துவந்து மேற்பார்வையும் செய்த கங்காணிகளின் வழியாகவும், 1907 இல் அமைக்கப்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவின் உதவியுடனும், தமிழகத்தின் உழவர் குடும்பங்கள் பெருந்திரளாக மலாயாவுக்கு வந்தன. இந்திய அரசு 1938 இல் தடை விதிக்கும்வரை இவ்வரவு தொடர்ந்தது. வந்தவர்களில் பலர் மாட்டோடு பிறந்து மாட்டோடு வளர்ந்தவர்கள். ஆதலால், பால்வெட்டு எனப்படும் ரப்பர் மரம் சீவும் வேலை விடியலில் தொடங்கி நண்பகலையொட்டி முடிந்தபின், எஞ்சிய பொழுதில் புல்லறுத்து ஒரு பசுவை வளர்ப்பது அவர்களுக்கு இயல்பாகவே அமைந்தது. லயம் எனப்படும் வரிசை வீடுகளின் பின்புறத்தில் எழுந்த கொட்டகைகளே பின்னாளில் பல குடும்பங்களின் இரண்டாம் வருமானமாயின. இந்தியத் தொழிலாளரோடு வந்து மலாயாவில் பெருகிய அம்மாடுகளைக் கால்நடை ஆய்வாளர்கள் 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்றே ஓர் இனமாகக் குறிக்கின்றனர்.

நகரத்திலும் மாடு இருந்தது. 1881 இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், மர வீடுகளுக்குப் பதில் செங்கல் கட்டடங்கள் எழவேண்டுமென்று முடிவாயிற்று. அதற்காகக் களிமண் வெட்டிச் சூளையிட்ட பகுதியே இன்று பிரிக்பீல்ட்ஸ் எனும் பெயர் தாங்கி நிற்கிறது. 1886 இல் கிள்ளான் நோக்கிய இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னரும் நகரத்துக்குள் சுமையிழுக்கும் வேலை மாட்டு வண்டிகளிடமே நெடுங்காலம் இருந்தது. வண்டி மாட்டின் குளம்பு தேய்ந்தால் லாடம் அடிக்கவும், நுகம் உராய்ந்த கழுத்துப் புண்ணுக்கு மருந்திடவும் ஆள் வேண்டியிருந்ததால், வைத்தியமும் ஒரு நகரத் தொழிலாக இருந்த காலம் உண்டு. பால் விற்பனையிலும் வண்டித் தொழிலிலும் சீக்கியர்களும் இருந்தமையால் இவ்வறிவைத் தமிழருக்கு மட்டும் உரியதென்று கொள்வது பொருந்தாது.

வைத்தியரின் கலை பெரும்பாலும் பார்வையில் உள்ளது. கொட்டகைக்குள் நுழைந்ததும் மாட்டைத் தொடாமல் சற்றுநேரம் நின்று பார்ப்பது அவருடைய முதற்செயல்: மூக்குநுனி ஈரமாயிருக்கிறதா, காதுகள் தொங்குகின்றனவா, அசை போடுகிறதா, சாணம் இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா என்பவற்றையெல்லாம் பார்த்தபின்னரே கை நீளும். காதின் அடியைப் பிடித்துச் சூடறிவதும், இடப்பக்க விலாவுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வயிற்றின் அசைவை அறிவதும் அடுத்த படிகள். அசைபோடும் விலங்கின் முதல் வயிறாகிய பெருவயிறு அப்பள்ளத்தின் அடியில்தான் உள்ளது. அது மத்தளம்போல் உப்பினால் வயிறு உப்புசம், அசைவற்றுக் கிடந்தால் செரியாமை.

கருவிகள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது, ஒருமுனை கணுவால் அடைபட்டு மறுமுனை சாய்வாகச் சீவப்பட்ட ஒருமுழ மூங்கில் குழாய். நீரில் கரைத்த மருந்தை மாட்டின் தொண்டைக்குள் செலுத்துவதற்கு இதைவிட எளிய கருவி இல்லை. கண்ணாடிப் புட்டி பல்லில் பட்டு உடையும், தகரம் வாயைக் கிழிக்கும், மூங்கிலோ கடித்தாலும் காயப்படுத்தாது. ஆனால் மருந்து புகட்டுவது கருவியைவிடக் கையைச் சார்ந்தது. மாட்டின் தலையை அளவுக்கு மேல் உயர்த்தினாலோ, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தாலோ, அது இருமும்போது ஊற்றினாலோ மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் அழன்று மாடு மாண்டுவிடும். ஆதலால் கடைவாயில் குழாயைச் செருகி, சிறிது ஊற்றி, அது விழுங்கும்வரை காத்திருந்து, மீண்டும் ஊற்றவேண்டும். மகன் முதலில் கற்பது இந்தக் காத்திருப்பைத்தான். மருந்தின் பெயர்களைக் கற்பது அதற்குப் பின்பே.

மருந்துகள் அடுக்களையிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானின் லிட்டில் இந்தியா பகுதியிலும் உள்ள மளிகைக் கடைகளில் வெந்தயம், சீரகம், மிளகு, மஞ்சள், பெருங்காயம், வெற்றிலைச் சுண்ணாம்பு ஆகிய அனைத்தும் உண்டு. இவ்வகை வைத்தியம் வெறும் நம்பிக்கையாக நின்றுவிடவில்லை என்பதற்குத் தஞ்சாவூரில் கால்நடைப் பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி செய்த பணி சான்றாகும். மரபு முறைகளைத் திரட்டி, அளவு குறித்து, பண்ணைகளில் பயன்படுத்திக் காட்டியவர் அவர். இந்தியத் தேசியப் பால்வள வாரியம் அம்முறைகளைப் பால் கூட்டுறவுகளின் வழியே பரப்பிவருகிறது. மடிநோய்க்கு அவர் தந்த முறை பலரும் அறிந்தது: சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் ஆகியவற்றை அரைத்து, கெட்ட பாலை முழுதும் பீய்ச்சியெடுத்தபின் மடியில் ஒரு நாளைக்குப் பலமுறை பூசுவது. கடல் கடந்த தோட்டத்திலும் இப்பொருள்களில் எதற்கும் பஞ்சமில்லை.

ஆயினும் நாட்டு வைத்தியத்தின் எல்லையை மறைப்பது அதற்குச் செய்யும் நன்மையாகாது. பல நூற்றாண்டுகள் மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய் 2011 இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதை ஒழித்தது தடுப்பூசியே. கோமாரி எனப்படும் வாய்க் குளம்பு நோய் மலேசியத் தீபகற்பத்தில் இன்னும் தலைகாட்டுகிறது. தோல் முழுதும் கட்டிகளை எழுப்பும் தோல்கழலை நோய் 2021 இல் அந்நாட்டுக்குள் நுழைந்தது. இவற்றில் மூலிகை புண்ணை ஆற்றும், மாட்டை உண்ணச்செய்யும். பரவலைத் தடுக்க ஊசிதான் வேண்டும். கருவில் கன்று குறுக்கே திரும்பிய நிலையில் எண்ணெய் தடவிய கையால் அதைத் திருப்பும் திறன் சில வைத்தியரிடம் உண்டெனினும், வயிற்றைக் கிழித்துக் கன்றை எடுக்கவேண்டிய நிலையில் மருத்துவரையே அழைத்தாகவேண்டும். பதிவு பெற்றவரே கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம் என்பதை 1974 ஆம் ஆண்டின் மலேசியச் சட்டம் உறுதிசெய்தது; அதே பத்தாண்டில் செர்டாங்கில் கால்நடை மருத்துவக் கல்வியும் வேரூன்றியது.

அரசின் பால்வளத் திட்டமும் அப்பத்தாண்டில்தான் விரிந்தது. பால் சேகரிப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன. ஐரோப்பாவின் ஃபிரீசியனையும் பஞ்சாபின் சாஹிவாலையும் கலந்த மாடுகள் வந்தன. அவற்றிலிருந்து 'மாஃப்ரிவால்' எனும் மலேசியக் கலப்பினம் உருவாக்கப்பட்டது. கலப்பின மாடு மிகுதியாகக் கறக்கும். ஆனால் ஃபிரீசியன் இரத்தம் கூடக்கூட வெப்பத்தையும் உண்ணியால் பரவும் காய்ச்சலையும் தாங்கும் வலிமை குறையும். நாட்டு மாட்டின் நோய்களை அறிந்திருந்த வைத்தியர், அதிகம் கறப்பதனாலேயே கன்று ஈன்றவுடன் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து படுத்துவிடும் மாட்டின் முன் கைபிசைந்து நிற்க நேர்ந்தது. இங்கு மருத்துவர் நரம்பின் வழியே செலுத்தும் கால்சியம் சிறிதுநேரத்தில் மாட்டை எழுப்பிவிடுகிறது. இதைக் கண்ட வைத்தியர் ஊசியைப் பகைக்கவில்லை. எப்போது ஊசிக்கு ஆள் அனுப்பவேண்டும் என்பதையும் தம் அறிவில் ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டார்.

இத்தொழிலில் குடும்பம் முழுதும் பங்கு கொள்கிறது; அதிலும் பெண்களின் பங்கே பெரிது. கறப்பவளுக்குத்தான் மடியின் சூடு முதலில் தெரியும். பாலில் திரி விழுவதை முதலில் காண்பவளும் அவளே. அம்மியில் மருந்தரைப்பதும், இரவில் கன்று ஈனும் மாட்டின் அருகே விளக்கோடு விழித்திருப்பதும், சீம்பாலை, அதாவது ஈன்றவுடன் கறக்கும் மஞ்சள்நிறக் கெட்டிப்பாலை, கன்றுக்கு வயிறாரக் கொடுத்தபின் மிச்சத்தைக் காய்ச்சி அயலாருக்குப் பகிர்வதும் அவளுடைய வேலைகள். ஈன்ற மாட்டின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து பால் வடியும் மரமாகிய ஆலில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது தமிழகத்து வழக்கம். ரப்பர்த் தோட்டத்திலோ பால் வடியாத மரத்தைத்தான் தேடவேண்டும். வைத்தியத்துக்கு விலை பேசுவது மரபன்று. வெற்றிலை பாக்கின்மேல் வைக்கும் காணிக்கையும், நலம்பெற்ற மாட்டின் முதற்கறவையுமே கூலி. ஆகவே இத்தொழிலால் எந்தக் குடும்பமும் செல்வம் சேர்த்ததில்லை. பிள்ளைகள் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் போனதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

செல்வம் சேர்ந்த இடம் வேறு. மாடு படுத்துவிட்டது என்ற செய்தி வைத்தியருக்கு எட்டும் முன் தரகருக்கு எட்டிவிடுகிறது. பிழைக்கக்கூடிய மாட்டைச் 'செத்தால் ஒன்றும் கிடைக்காது' என்று அச்சுறுத்தி அடிமாட்டு விலைக்கு வாங்கிச் செல்வதும், ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி மாட்டின் விலை ஏறும்போது அந்த ஏற்றத்தை வளர்த்தவர் கண்ணில் காட்டாமல் தாமே எடுத்துக்கொள்வதும் இத்தொழிலின் பழைய அநீதி. பாலிலும் அப்படியே: விடியலுக்கு முன் எழுந்து கறந்தவருக்குக் கிடைப்பதையும், தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடத்துக்கென்று ஒருவர் கொடுப்பதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நடுவில் நிற்பவர் எவ்வளவு உண்கிறார் என்பது விளங்கும். நோயின்போது மாட்டுக்காரருக்குச் சிறுகடன் கொடுக்கவும், பாலை நேரே நகரத்துக்கு விற்கவும் ஒரு கூட்டுறவு உறுதியாக நின்றிருந்தால், வைத்தியர் காப்பாற்றிய மாடு கொட்டகையிலேயே நின்றிருக்கும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். தோட்டத்து மாடு தோட்டக்காரருடைய நிலத்தில் மேய்ந்தது. கொட்டகைக்குப் பட்டா இல்லை. 1978 இல் சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலம் தோட்ட நிலத்தின்மீதே எழுந்தது. பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்கள் 1990-களில் புத்ராஜெயா எனும் நிர்வாகத் தலைநகராக மாறியபோது, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அடுக்குமாடியில் தொழுவம் கட்ட இடமில்லை. இவ்வாறு தோட்டம் தோட்டமாக நிலம் கைமாறுகையில், மாட்டை விற்றவர்களோடு வைத்தியரின் வேலையும் முடிகிறது. விற்க மனமின்றி மின்கோபுரங்களின் அடியிலும் ஆற்றங்கரை ஒதுக்கு நிலத்திலும் கட்டிவைத்தவர்களின் மாடுகளே புல் தேடிச் சாலைக்கு வந்து செய்தியாகின்றன. அவர்களுக்காக இன்னும் மூங்கில் குழாயோடு செல்லும் முதியவர்கள், தமிழகத்துப் பச்சிலை கிடைக்காத இடத்தில் எந்த மலாயாச் செடியை எடுத்தார்கள், மலாய் அண்டை வீட்டாரிடம் எந்த இலையைக் கற்றார்கள் என்பன எந்த வாகடத்திலும், அதாவது மரபு மருத்துவ நூலிலும், இல்லாத செய்திகள். கால்நடைக் கல்லூரி இருக்கும் செர்டாங்கிலிருந்து இக்கொட்டகைகள் ஒருமணி நேரப் பயணத்துக்குள்தான் உள்ளன.